ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு: பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளிகளின் இடமாற்றம்

2003 மார்ச் 7 அன்று, கனடாவின் டொரன்டோ நகரில் ஸ்கார்பரோ கிரேஸ் என்ற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் காய்ச்சலும் இருமலுமாக ஒருவர் வந்தார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான் அவருடைய தாய் வீட்டில் இறந்திருந்தார். ஹாங்காங் போய்த் திரும்பியவர் அந்தத் தாய். மகனுக்கு வார்டில் படுக்கை உடனே கிடைக்கவில்லை. அவசரப் பிரிவின் பொது அறையிலேயே பல மணி நேரம் படுத்திருந்தார். மூச்சுத்திணறலுக்கு நெபுலைசர் வைத்தார்கள். அவருக்கும் பக்கத்துப் படுக்கைகளுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் இருந்தது. மார்ச் 13 அன்று அவர் இறந்தார்.

அன்று அவருக்கு அருகில் படுத்திருந்தவர்களில் ஓர் இதய நோயாளியும் உண்டு. வீடு திரும்பிய அவர், ஒரு வாரத்துக்குள் நிலை மோசமாகி அதே மருத்துவமனைக்கு மீண்டும் வந்தார். அங்கிருந்து ரிச்மண்ட் ஹில் பகுதியின் யார்க் சென்ட்ரல் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அனுப்பியவர்களுக்கும் சரி, ஏற்றுக்கொண்டவர்களுக்கும் சரி, அவர் உடலில் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றின் கிருமி இருப்பது தெரியாது. யார்க் சென்ட்ரலிலும் தொற்று பரவியது. மார்ச் மாதம் முடிவதற்குள் இரண்டு மருத்துவமனைகளின் கதவுகளும் புதிய நோயாளிகளுக்கு மூடப்பட்டன. ஸ்கார்பரோ கிரேஸில் தொடங்கிய சங்கிலியில் மட்டும் 128 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் மருத்துவமனை ஊழியர்கள். இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் குடியேறியிருக்கும் ஸ்கார்பரோவில் நடந்த இந்த நிகழ்வு, பெருந்தொற்று மருத்துவத்தின் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து இதே கதை இன்னொரு முறை நடந்தது. நோய் அடங்கிவிட்டது என்று நம்பி மே 17 அன்று மாகாணத்தின் அவசரநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த சில நாட்களில் செயின்ட் ஜான்ஸ் மறுவாழ்வு மருத்துவமனையில் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. விசாரித்தபோது, நார்த் யார்க் ஜெனரல் மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை வார்டிலிருந்து மாற்றப்பட்டு வந்த ஒரு நோயாளியிடம் போய் நின்றது தடம். நார்த் யார்க்கில் நோய் சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருந்தது அதன் பிறகே வெளியில் வந்தது. இரண்டாவது அலை வெளிப்பட்ட விதம் இதுதான். கனடாவில் அந்த ஆண்டு சார்ஸ் நோய்க்கு 44 பேர் பலியானார்கள். அனைவரும் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்.

அனுப்பாமலும் இருக்க முடியாது

அப்படியானால் தொற்றுக் காலத்தில் நோயாளிகளை மாற்றுவதையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அது நடக்காத காரியம். இன்றைய மருத்துவம் ஒரே கட்டடத்துக்குள் அடங்குவதில்லை. மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை நீக்கும் கேத் லேப் ஓர் ஊரில் இருக்கும், டயாலிசிஸ் இன்னோர் ஊரில் இருக்கும். தலைக்காயத்துக்கு மூளை நரம்பு அறுவை நிபுணரும், தீக்காயத்துக்குத் தனி வார்டும், எடை குறைந்து பிறந்த சிசுவுக்கு இன்குபேட்டரும் வேண்டும். ஒன்டாரியோவில் மட்டும் சாதாரண நாட்களிலேயே நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுகிறார்கள்.

இதில் வெளியே அதிகம் தெரியாத ஒரு பாதி உண்டு. பெரிய மருத்துவமனையில் அறுவை முடிந்தவர், தேறிய பிறகு தன் ஊர் மருத்துவமனைக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ திரும்பியாக வேண்டும். அவர் திரும்பினால்தான் அந்தப் படுக்கை அடுத்தவருக்குக் கிடைக்கும். தொற்றுப் பயத்தில் சிறிய மருத்துவமனைகள் அவரை ஏற்க மறுத்தால், தேறியவர் பெரிய மருத்துவமனையிலேயே கிடப்பார்; உயிருக்குப் போராடுபவர் வெளியே காத்திருப்பார். ஆம்புலன்ஸ் ஓடுவதை நிறுத்தினால், தொற்றே இல்லாதவர்கள் சாவார்கள். கண்மூடித்தனமாக ஓடவிட்டால் தொற்று ஊர் ஊராகப் போகும். பெருந்தொற்று ஒவ்வொரு முறையும் மருத்துவ நிர்வாகத்தை இந்த இரண்டுக்கும் நடுவேதான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஒன்டாரியோ கண்ட வழி

சார்ஸ் பரவிய வேகத்தில் ஒன்டாரியோ அரசு இடமாற்றங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் எதை அனுமதிப்பது, எதை நிறுத்துவது என்று யார் முடிவு செய்வது? அனுப்பும் மருத்துவருக்குத் தன் வார்டு தெரியும். பெறும் மருத்துவமனையின் நிலை தெரியாது. ஆம்புலன்ஸ் ஊழியருக்கு இரண்டுமே தெரியாது. ஆகவே மாகாணம் முழுமைக்கும் ஒரே இடமாற்ற அனுமதி மையத்தை அரசு உருவாக்கியது. தொற்று உச்சத்தில் இருந்தபோதே, அவசர அவசரமாக அது செயல்படத் தொடங்கியது.

ஏற்பாடு எளிமையானது. நோயாளியை அனுப்ப விரும்பும் மருத்துவமனை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காய்ச்சல் உண்டா, இருமலோ மூச்சுத்திணறலோ உண்டா, தொற்றாளரோடு தொடர்பு இருந்ததா, எங்கே அனுப்புகிறீர்கள், எதற்காக என்ற கேள்விகள் அதில் இருக்கும். மருத்துவமனைகளும் தொற்று நிலவரப்படி 0 முதல் 3 வரை தரம் பிரிக்கப்பட்டிருந்தன. 0 என்றால் அங்கே சார்ஸ் இல்லை. 3 என்றால் பாதுகாப்பின்றித் தொடர்பு ஏற்பட்டு மருத்துவமனைக்குள்ளேயே நோய் பரவிவிட்டது. மையம் இந்தத் தகவல்களை ஒப்பிட்டுப் பார்க்கும். சிக்கல் இல்லாவிட்டால் உடனே ஓர் அனுமதி எண் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் ஒருவர் பார்த்து முடிவு சொல்வார். எம்.டி. எண் என்று அழைக்கப்படும் அந்த எண் இல்லாமல் வண்டி கிளம்பாது.

ஏதோ ஒரு மருத்துவமனையிலிருந்து கிளம்பும் காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென்று கூடினால், அதைத் தனித்தனி வார்டுகளைவிட ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் முதலில் கவனிப்பார். யார் எங்கிருந்து எங்கே போனார் என்ற பதிவும் கையில் இருக்கும். பின்னால் தொற்றுச் சங்கிலியைத் தேடுபவர்களுக்கு அது பெரிய துணை. சார்ஸ் முடிந்த பிறகும் அந்த மையத்தை ஒன்டாரியோ மூடவில்லை என்பதுதான் இதில் பாராட்ட வேண்டிய செயல். 17 ஆண்டுகள் கழித்துக் கொரோனா வந்தபோது, பழகிய ஒரு ஏற்பாடு அங்கே தயாராக இருந்தது.

வண்டிக்குள் நடப்பது

ஆம்புலன்சின் பின்பகுதி ஒரு சிறிய அறை. அதற்குள் நோயாளியும் ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு மணி நேரமோ நாலு மணி நேரமோ சேர்ந்திருக்க வேண்டும். தொற்று நோயாளியின் மூச்சுக் காற்று அந்த அறைக்குள்ளேயே சுற்றும். நெபுலைசர் வைப்பதும் சளியை உறிஞ்சி எடுப்பதும் தொண்டைக்குழாய் செருகுவதும் கிருமி நிறைந்த நுண்துளிகளைக் காற்றில் கலக்கும் வேலைகள். ஓட்டுநர் அறைக்கும் பின்பகுதிக்கும் நடுவே சன்னல் திறந்திருந்தால் அவரும் தப்ப முடியாது.

டொரன்டோவின் ஆம்புலன்ஸ் சேவையில் 2003இல் சுமார் 850 துணை மருத்துவர்கள் பணியில் இருந்தார்கள். சார்ஸ் பரவிய மாதங்களில் தொற்றோடு தொடர்பு ஏற்பட்டிருக்கலாம் என்று பதிவான நிகழ்வுகள் 1,166. பாதுகாப்பு இல்லாமல் நோயாளியை நெருங்க நேர்ந்ததால் 436 பேர் பத்து நாள் வீட்டுத் தனிமைக்கு அனுப்பப்பட்டார்கள். அதாவது, பாதிக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் வேலைக்கு வர முடியாமல் போனது. 62 பேருக்குச் சார்ஸ் போன்ற அறிகுறிகள் தென்பட்டன. நான்கு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வண்டி இருக்கும், ஆக்சிஜன் இருக்கும், ஏறுவதற்கு ஆள் இருக்காது என்ற நிலை ஒரு பணக்கார நகரத்திலேயே வந்தது.

வண்டிகளின் எண்ணிக்கை குறையாவிட்டாலும் அவற்றின் பயன் குறைகிறது. கவச உடை அணிய நேரம் வேண்டும். நோயாளியை இறக்கிய பிறகு கதவுகளைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, ஸ்ட்ரெச்சர், கைப்பிடி, மானிட்டர் என்று ஒவ்வொன்றையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். பிறகு கவச உடையைக் கழற்றுவதும் ஓர் ஒழுங்கோடு நடக்க வேண்டும். அவசரத்தில் தொற்றுவது பெரும்பாலும் அப்போதுதான். நாளொன்றுக்கு ஆறு முறை ஓடிய வண்டி மூன்று முறைதான் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மாவட்டத்தின் ஆம்புலன்ஸ்களில் பாதி காணாமல் போனதற்குச் சமம்.

ஆக்சிஜன் கணக்கு இதைவிடக் கடுமையானது. நம் ஊரில் ‘பி’ வகை என்று சொல்லப்படும் சிறிய சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். பை பொருத்திய முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் அது 100 நிமிடத்தில் தீரும். கொரோனா நோயாளிகள் பலருக்குத் தேவைப்பட்ட உயர் ஓட்ட நாசிக் குழாயில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். அதே சிலிண்டர் 25 நிமிடம்தான் தாங்கும். 15 லிட்டர் தேவைப்படும் ஒருவரை நாலு மணி நேரப் பயணத்தில் கொண்டுபோக 3,600 லிட்டர் வேண்டும். வழியில் டயர் பஞ்சராகலாம், போக்குவரத்து நெரிசலில் சிக்கலாம், மருத்துவமனை வாசலில் காத்திருக்க நேரலாம். அதற்காக இரு மடங்கு வைத்துக்கொள்வது முறை. ஆக 7,200 லிட்டர். ஐந்து சிறு சிலிண்டர்கள். கிளம்பும் முன் இந்தக் கணக்கைப் போடாத பயணம் பாதி வழியில் மூச்சை நிறுத்திவிடும்.

வென்டிலேட்டரில் இருப்பவரை மாற்றுவது இன்னும் நுணுக்கமான வேலை. ஐ.சி.யூ. கருவியிலிருந்து வண்டியின் கருவிக்கு மாற்றும் அந்தச் சில நொடிகளில் நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் திறந்திருந்த காற்றறைகள் சுருங்கும், ஆக்சிஜன் அளவு சரியும். அதோடு குழாய் வாயிலிருந்து கிருமியும் வெளியே தெறிக்கும். அதனால் தொண்டைக்குழாயை இடுக்கியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய இணைப்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, பிறகே இடுக்கியை விடுவார்கள். ஒரே செயல் நோயாளியையும் காக்கிறது, பக்கத்தில் நிற்பவரையும் காக்கிறது. இதற்குப் பயிற்சி பெற்றவர் வண்டியில் இருக்கிறாரா என்பது உயிர் சார்ந்த கேள்வி.

படுக்கை இருந்தும் எட்டாத தூரம்

2020 மார்ச் இறுதியில் நியூயார்க்கின் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் ஒரே நாளில் 13 பேர் இறந்த செய்தி உலகை உலுக்கியது. அதே நாட்களில் அந்தப் பெருநகரின் வேறு மருத்துவமனைகளில் காலிப் படுக்கைகள் இருந்தன. ஒரு மருத்துவமனை மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, சற்றுத் தொலைவில் இன்னொன்று ஓரளவு நிம்மதியாக இயங்கியது. அமெரிக்காவில் மருத்துவமனைகள் தனித்தனி நிறுவனங்கள். நோயாளியை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு மருத்துவரும் தனக்குத் தெரிந்த எண்களுக்குத் தானே போன் செய்து கெஞ்ச வேண்டியிருந்தது. அரிசோனா மாநிலம் 2020 ஏப்ரலில் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவாக, 24 மணி நேரமும் இயங்கும் ஒரே தொலைபேசி எண்ணை ஏற்படுத்தியது. வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவமனை இதே பொறுப்பை ஏற்றது. சுமையைப் பங்கிடுவதற்கு ஒரு நடுவர் தேவை என்பதைப் பெரும் விலை கொடுத்துத்தான் அந்நாடு கற்றுக்கொண்டது.

பிரான்சில் அரசே களத்தில் இறங்கியது. நாட்டின் கிழக்கு மூலையில் ஐ.சி.யூ.க்கள் நிரம்பி வழிய, மேற்கில் இடம் இருந்தது. 2020 மார்ச் 18 அன்று மியூலூஸ் நகரிலிருந்து இராணுவ விமானம் ஆறு நோயாளிகளைத் தெற்குக்குக் கொண்டுபோனது. மார்ச் 26 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து அதிவேக ரயில் ஒன்று ஐ.சி.யூ. வசதிகளோடு 20 பேரை ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிச் சென்றது. முதல் அலையில் மட்டும் 600க்கு மேற்பட்ட நோயாளிகள் இப்படி வட்டாரம் விட்டு வட்டாரமும் அண்டை நாடுகளுக்குமாக மாற்றப்பட்டார்கள். ஜெர்மனி தன் மாநிலங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து ஒரு திட்டம் வகுத்துவைத்திருந்தது. 2021 நவம்பரில் பவேரியாவில் ஐ.சி.யூ.க்கள் நிரம்பியபோது, விமானப்படை விமானம் மெம்மிங்கனிலிருந்து ஆறு பேரை வடக்கே கொண்டுபோனது. யாரை மாற்றுவது என்பதிலும் ஒரு தெளிவு இருந்தது: பயணத்தைத் தாங்கும் நிலையில் இருப்பவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆபத்தின் விளிம்பில் இருப்பவரைத் தொடாமல், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரளவு நிலையான நோயாளியை அனுப்பி இடம் உண்டாக்கினார்கள்.

சுமையைப் பங்கிட ஒரு நடுவர் தேவை என்ற பாடத்தைத் தமிழ்நாடு 2021 மே மாதத்தில் வாசலில் நின்று படித்தது. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் முன்னால் 108 சேவையின் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. ஆக்சிஜன் தீரும் நிலையில் தனியார் மருத்துவமனைகள் கடைசி நேரத்தில் ரெஃபர் செய்தவர்கள், வீட்டிலிருந்து நேரே வந்தவர்கள், மிதமான பாதிப்போடு பயந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் காத்திருந்தார்கள். சிலர் வண்டியிலேயே உயிரிழந்தார்கள். படுக்கை காலியாகும்வரை நோயாளியை இறக்க முடியாது. இறக்கும்வரை அந்த வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. மேலே பார்த்த ஆக்சிஜன் கணக்கு அந்த வாசலில் நிமிடத்துக்கு நிமிடம் கரைந்தது.

நிலைமையை மாற்றியவை வண்டிகளின் எண்ணிக்கையை விட, வரிசையை ஒழுங்குபடுத்திய ஏற்பாடுகள்தான். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் இயங்கியது. மக்கள் ‘வார் ரூம்’ என்று அழைத்தது அதைத்தான். 104 எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கேட்டு, நோயாளியின் ஆக்சிஜன் அளவை விசாரித்து, எங்கே படுக்கை இருக்கிறதோ அங்கே அனுப்பினார்கள். வந்தவர்களை வண்டியில் காக்கவைக்காமல் உடனே இறக்கி ஆக்சிஜன் கொடுக்க, ‘ஜீரோ டிலே வார்டு’ என்ற பெயரில் வாசலருகே தனிப் பிரிவுகள் அமைந்தன. மிதமான பாதிப்பு உள்ளவர்களை ஏற்றிச் செல்லக் கார்களே ஆம்புலன்ஸ்களாயின. பெரிய வண்டிகள் கவலைக்கிடமானவர்களுக்கு மிஞ்சின.

திரும்பும் பாதையின் ஆபத்து

படுக்கையைக் காலி செய்யும் அவசரத்தில் இழைத்த தவறுகளும் பதிவாகியுள்ளன. இங்கிலாந்தில் 2020 மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோருக்கும் பரிசோதனை செய்து அனுப்பும் விதி ஏப்ரல் 15 அன்றுதான் வந்தது. அறிகுறி இல்லாதவர்கள் மூலமும் தொற்று பரவலாம் என்ற ஆபத்தைக் கணக்கில் எடுக்காத அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் டொரன்டோவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனை சொன்ன செய்தியைத்தான் இந்தத் தீர்ப்பும் சொல்கிறது. தேறியவர் என்று நாம் அனுப்பும் நோயாளியும் தொற்றைக் கொண்டுபோகலாம். அவர் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்களோ மிகவும் பலவீனமானவர்கள்.

குடும்பம் எங்கே நிற்கிறது

ஒன்டாரியோவின் மூன்றாவது அலையில், 2021 மே தொடக்கத்தில், ஐ.சி.யூ.வில் இருந்த கொரோனா நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 900ஐத் தொட்டது. டொரன்டோ வட்டாரத்திலிருந்து அதே மாகாணத்தின் கிங்ஸ்டன், ஒட்டாவா, லண்டன் போன்ற நகரங்களுக்கு நோயாளிகள் அனுப்பப்பட்டார்கள். மருத்துவமனை நிரம்பிவிட்டால், நோயாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறிடத்துக்கு மாற்றலாம் என்று ஏப்ரலில் அவசர ஆணையும் வந்தது. பக்கத்து மானிடோபா மாகாணம் 50க்கு மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளை வெளி மாகாணங்களுக்கு அனுப்பியது. அவர்களோடு போகவிருந்த ஒரு நோயாளி, இடமாற்ற முயற்சியின்போது நிலை மோசமாகி இறந்தார்.

மருத்துவ நியாயம் இந்த ஆணைக்குப் பின்னால் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் தந்தையை எந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்பதை மகள் தொலைபேசியில் கேட்டறிய வேண்டிய நிலையும், அவர் கண் விழிக்கும்போது தெரிந்த முகம் ஒன்றுகூட அருகில் இல்லாத நிலையும் சிறிய துயரங்கள் அல்ல. இடமாற்றத் திட்டம் என்றால் குடும்பத்துக்குத் தினமும் தகவல் சொல்ல ஓர் ஆள், அவர்கள் மொழியில் பேச ஓர் ஆள், தேறியவரைச் சொந்த ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு எல்லாம் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

பெருந்தொற்றில் நோயாளி இடமாற்றம் தோற்ற இடங்களைப் பார்த்தால், வண்டிகள் போதாமல் தோற்றதைவிட, யார் எங்கே இருக்கிறார், எங்கே இடம் உண்டு, அவரிடம் தொற்று உண்டா என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் அறிந்த ஒருவர் இல்லாமல் தோற்றதே அதிகம். ஒன்டாரியோவும் தமிழ்நாடும் அத்தகைய மையத்தை நெருக்கடியின் நடுவே கட்டின. ஒன்டாரியோவில் அது நிரந்தரமானது.

தமிழ்நாட்டில் 108 சேவையின் வலைப்பின்னல் இருக்கிறது, 104 இருக்கிறது, வார் ரூம் நடத்திய அனுபவமும் இருக்கிறது. அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா இடமாற்றங்களும் ஒரே பதிவின் கீழ் வரும் ஒரு நிரந்தர மையத்தை, தொற்று இல்லாத இந்தக் காலத்திலேயே சுகாதாரத் துறை இயக்கிப் பழக வேண்டும். விபத்து, பிரசவம், மாரடைப்பு என்று அன்றாடம் நடக்கும் ரெஃபரல்களுக்கே அது உதவும்.

உங்கள் வீட்டில் ஒருவரை வேறு மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தால், வண்டியில் ஏற்றும் முன் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அங்கே படுக்கை உறுதியாகிவிட்டதா? கூட வருபவருக்கு இந்த நோயாளியைக் கவனிக்கும் பயிற்சி உண்டா? பயண நேரத்தைப் போல இரு மடங்குக்கு ஆக்சிஜன் வண்டியில் இருக்கிறதா? பதில் கிடைத்த பிறகு ஏற்றுங்கள்.